கதவில் வெட்டியிருந்த பெயர்

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
18.09.2025

அன்பு மகள் ஜெயரூபினிக்கு அப்பா எழுதுவது,

மடு மாதாவின் தயவில் நானும் அம்மாவும் இங்கே சுகம், அம்மாவின் முழங்காலைத் தவிர. அது மழைக்கு முன்னம் ஒரு மாதிரி, மழை விட்டபிறகு இன்னொரு மாதிரி. நீயும் மருமகன் டினோஜனும் அந்தக் குளிரிலும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டுமென்று செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்கிறோம். போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு கேள்வியைக் கேட்டு முடிக்கமுதல் நீ சிரிக்கிறாய், பின்னால் நின்று மருமகனும் சிரிக்கிறார். லீவில் வந்து நிற்கும் உன் சின்னம்மா மகள் யதுர்ஷிகா திங்கட்கிழமை கனடாவுக்குத் திரும்புகிறாள், இறங்கியதும் அங்கேயிருந்து உனக்குத் தபாலில் போடுவாள். கடிதத்துக்கு நடுவில் நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

அப்பா ஓம் எண்டு சொன்னாத்தான் நாங்கள் வீட்டுக்குக் கையெழுத்து வைப்பம் என்று சொல்லியிருக்கிறாய். அடுத்த மாதம் பத்தாம் திகதி கையெழுத்து. என் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறாய் என்பதில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் பிள்ளை, அந்த வீட்டில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நூற்றைம்பது வருசத்துக்கு முதல் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் செங்கல் அடுக்கிக் கட்டிய குறிச்சி என்று பெருமையாகச் சொன்னாய். என்னோடு படித்த நடராசாவை உனக்குத் தெரியும்தானே, எண்பத்தைந்தில் காட்டுக்குள்ளால் எத்தனையோ எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் போனவர், இன்றைக்கும் அங்கேயிருந்து அசையமாட்டார். எங்கள் ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போன நாட்டைவிட்டு அந்த ஆட்கள் ஏன் வெளியே ஓடினார்கள்? பசி, சண்டை என்றாய். சரி, வந்தார்கள், கட்டினார்கள், பிறகு எங்கே? இப்போது அந்த ஒழுங்கையில் ஒரு ஜெர்மன் குடும்பமும் இல்லையாம், வீதிக்குப் பெயரும், ஒக்டோபரில் பியரும் தொத்திறைச்சியும் வைத்து ஒரு கொண்டாட்டமும்தான் மிச்சமாம். ஆட்கள் இல்லாமல் அவர்களுடைய திருவிழா மட்டும் நடக்கிற ஊரை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். முதலாம் உலக யுத்தம் வந்தபோது அவர்களுடைய வீதிப் பெயர்களை மாற்றினார்கள், தங்கள் பாசையை வெளியில் பேசப் பயந்து கோயில் பூசையைக்கூட இங்கிலீசுக்கு மாற்றினார்கள் என்று சொன்னதும் நீதான். உடனே, ஒருத்தரும் அவையைக் கலைக்கயில்லை அப்பா, பிள்ளையள் வளர்ந்து பெரிய வளவு தேடித் தாங்களாப் போனவை என்றும் சொன்னாய். தாங்களாகப் போனார்களாம்! பாயையும் பானையையும் கட்டிக்கொண்டு நாங்கள் நடந்ததையும் எங்கேயாவது ஒரு புத்தகத்தில் அப்படித்தான் எழுதி வைத்திருப்பார்கள்.

வீட்டுக்குக் கீழே கல்லால் வளைத்துக் கட்டிய அறை ஒன்று இருக்கிறதென்று வீடியோவில் காட்டினாய். பியர்ப் பீப்பாயைக் குளிராக வைத்திருக்கக் கட்டினது மாமா என்று மருமகன் சொல்கிறார். பியருக்கு அவ்வளவு தடிப்பான சுவரா? நான் என் கையால் ஏழு பங்கர் வெட்டியவன், எனக்கே கதை சொல்கிறார். படி எத்தனை, வெளியேற இரண்டாவது வழி உண்டா என்று பார்த்து எழுது. ஒரு வாசல் மட்டும் உள்ள பங்கருக்குள் ஒருநாளும் இறங்கவேண்டாம். வீடு விற்கிற அந்தப் பெண்ணையும் எனக்குப் பிடிக்கவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்குப் பிஸ்கற் சுட்டுக்கொண்டு வந்தாவாம். ஏன், எதற்கு? வாசலில் வேறு சரித்திரப் பெறுமதியுள்ள வீடு என்று ஒரு பலகை. யன்னல் மாற்றக்கூடாது, கதவுக்குப் பச்சை பூசுவதென்றாலும் ஒரு சபையிடம் கடிதம் எடுக்கவேண்டும். நீ அதைப் பெருமையாகச் சொல்கிறாய், எனக்கு அதுதான் பயம். இங்கே ஒரு காணியில் சரித்திரம் இருக்கிறதென்று பலகை நட்டால் பிறகு காணிக்காரன் வேலிக்கு வெளியில்தான் நிற்பான், அது உனக்கும் தெரியும். அப்பா, இஞ்ச பலகை வீட்டைக் காப்பாத்த, ஆக்களை எழுப்ப இல்லை என்கிறாய். பலகை நடுகிற எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்.

இதையெல்லாம் எழுதி, வேண்டாம் மகள், வேறு வீடு பாருங்கோ என்று முடிக்கத்தான் முதலில் நினைத்தேன். பிறகு நீ அனுப்பிய படத்தை அம்மாவின் போனில் பெரிதாக்கிப் பார்த்தபோது, வாசலுக்கு மேலே கல்லில் வெட்டியிருந்த பெயரும் வருசமும் தெரிந்தன. அது ஆர் என்று கேட்டேன். தெரியாது அப்பா, முதல் இருந்த ஜெர்மன்காரர் போல, வடிவா வெட்டியிருக்கு என்ன என்றாய். அன்றைக்கு இரவு எங்கள் முன்கதவைப் பார்த்துக்கொண்டு கனநேரம் குந்தியிருந்தேன். ஏன் என்று இனித்தான் சொல்லப்போகிறேன். சொல்லிமுடித்தபிறகு நீ என்னை என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

யுத்தம் முடிந்து அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து எங்களை விட்ட வருசம் நீயும் அம்மாவும் வவுனியாவில் மாமி வீட்டில் நிற்க, வீட்டைத் திருத்தவென்று நான் மட்டும் முன்னுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் கதவு, யன்னல், நிலை ஒன்றும் மிச்சமில்லை என்று ஊருக்குள் வந்துபோனவர்கள் சொல்லியிருந்தார்கள். லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் தகரமும் சீமெந்தும் ஏற்றிக்கொண்டு வரும்போது முரசுமோட்டையில் ரோட்டோரம் ஒரு வீடு, கூரை இல்லை, பாதிச் சுவர் இல்லை, ஆனால் முன்கதவு மட்டும் நிலையோடு நின்றது. நல்ல முதிரைக் கதவு. என் கதவை யாரோ கொண்டுபோய்விட்டார்கள், நான் யாருடையதையோ எடுத்தால் என்ன என்று அந்த நேரம் புத்தி போனது. அலவாங்கால் நெம்பிக் கழற்றி ஏற்றினேன். கதவின் மேற்பலகையில் வீரையா என்று வெட்டியிருந்தது. உங்கள் இரண்டு பேரிடமும் பரந்தனில் வாங்கினேன், அது கதவு செய்த தச்சனின் பெயர் என்று சொன்னேன். ஒவ்வொரு குருத்து ஞாயிறுக்கும் ஓலைச் சிலுவையை ஏன் அப்பா அதே இடத்தில அடிக்கிறியள் என்று நீ சின்னவயதில் கேட்டிருக்கிறாய். அந்தப் பெயரை மறைக்கத்தான் பிள்ளை. பதினாலு வருசம் மறைத்தேன். பாதரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் போகும்போது முரசுமோட்டை வந்தால் மற்றப் பக்க யன்னலைத்தான் பார்ப்பேன்.

நீ அனுப்பிய வீட்டுப் படத்தைப் பார்த்த மூன்றாம் நாள் முரசுமோட்டையில் போய் இறங்கினேன். அடிப்பார்களோ, பொலிசுக்குப் போவார்களோ என்று பயந்து, முதலில் எதிரிலிருந்த கடையில் சோடா குடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். அதே வளவுக்குள் வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு. தங்கம்மா என்று ஒரு வயதான மனுசி. வீரையா அவாவின் கணவர், முகாமிலேயே கண்ணை மூடிவிட்டாராம். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவா ஏசுவா என்று காத்து நின்றேன். அவா கேட்டது ஒன்றுதான், கடல் காத்துக்குக் கதவு பழுதாப் போயிடலியா ஐயா? இல்லை, வருசம் ஒருமுறை எண்ணெய் பூசுகிறேன் என்றேன். நல்லதுங்க என்று தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டுப் பிறகு சொன்னா, மலையில தேயிலத் தோட்டத்து லயத்தில நாலு தலைமொறை இருந்தோம், அங்க கதவும் தோட்டத்துக்குத்தான் சொந்தம். எழுபத்தேழு கலவரத்துல இங்க ஓடிவந்து, காடு வெட்டி, வீடு கட்டி, அவரு தன் பேரு போட்ட மொதச் சாமான் அதுதாங்க. பிள்ளை, நான் ஒரு கதவைத்தான் எடுத்தேன் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சுதாகரனின் பட்டா லொறியில் கதவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். புது வீட்டு வாசலுக்கு அது அளவில்லை, பெரிது. தங்கம்மா அதை உள்ளே சுவரில் சாத்தி வைத்து, பெயர் இருக்கிற இடத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்தா. ஓலைச் சிலுவை அடித்த ஆணித் துளைகளையும் தடவிப் பார்த்தா. எங்கள் வாசலில் இப்போது கதவுக்குப் பதில் படங்குச் சீலைதான் தொங்குகிறது, நாய் தன்பாட்டில் வந்து போகிறது. உன் அம்மாவுக்கும் போன கிழமைதான் உண்மை தெரியும். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், என்னை எத்தினை வருசம் களவெடுத்த கதவுக்குள்ளால கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறியள் என்று கேட்டா. இப்போது தேத்தண்ணி தருகிறா, சீனி மட்டும் போடுவதில்லை.

ஆகவே மகள், நான் எல்லாரையும் சந்தேகப்படுகிறேன் என்று நீ சொல்வது சரிதான். எடுத்தவனுக்குத்தான் எல்லாரும் எடுப்பவர்களாகத் தெரியும். அந்தச் சபைக்காரர் கதவை மாற்றவிடாமல் வைத்திருப்பதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது என்று இப்போது எனக்குப் படுகிறது, ஆனால் இதை அவர்களிடம் சொல்லிவைக்காதே. வீட்டை வாங்குங்கோ. என் ஓம் இதுதான். ஒரே ஒரு நிபந்தனை, கையெழுத்து வைக்கமுதல் அந்தக் கல்லில் இருப்பவர் யார், பிள்ளைகள் எங்கே போனார்கள், வீட்டை விற்றார்களா விட்டுவிட்டுப் போனார்களா என்று தேடிக் கேள். அந்தப் பிஸ்கற் பெண்ணிடம் கேட்காதே, அவா சிரித்து மழுப்பிவிடுவா. அங்கேயுள்ள பழைய கோயிலில் ஞானஸ்நானமும் கலியாணமும் பதிகிற புத்தகத்தில் பார். யதுர்ஷிகாவிடம் ஒரு சின்னப் பொட்டலத்தில் மடு மாதா கோயில் மண் கொடுத்துவிடுகிறேன், வாசற்படியோரம் போடு. அதற்கும் சபையிடம் கடிதம் கேட்டுக்கொண்டு நிற்காதே.

மாதா உங்கள் இரண்டு பேரையும், அந்த வீட்டையும், அதில் முதல் இருந்தவர்களையும் காக்கட்டும். மறக்காமல் ஒரு விசயம். நவம்பர் இரண்டாம் திகதி கல்லறைத் திருநாள் பூசைக்கு மரித்தவர்களின் பெயர் கொடுக்கவேண்டும். இந்த முறை தாத்தாவின் பெயருக்குக் கீழே வீரையா என்று எழுதியிருக்கிறேன். இது எங்கட கோயில் பங்கு ஆளா என்று பாதர் கேட்டார். இல்லை பாதர், எங்கட கதவு ஆள் என்றேன். நீ அந்த ஜெர்மன்காரரின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவதென்று கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் எழுதி அனுப்பு. வீரையாவுக்குக் கீழே ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் மட்டும் சந்தேகம் இல்லாத அப்பா,
செ. மரியநேசன்