வெளி ஸ்பீக்கரை அணைக்க மறந்த நாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, அதையும் சேர்த்தே சுகம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். உன் சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது வரும்போதெல்லாம் நம் வீட்டுத் தூசி அவளுக்குப் பளிச்சென்று தெரிகிறது, கஷ்டம் எனக்குத்தான். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய். கடிதம் என்றால் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது.

விஷயம் இதுதான், வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன். ஆமாம், நான்தான். சாமியாவது பூதமாவது என்று சாப்பாட்டு மேஜையில் உனக்குப் பாடம் நடத்திய அதே வாய்தான். ஜெபம் பண்ண வந்தவர்களிடம் மைக் செட் வாடகையைச் சொல்லித் திருப்பி அனுப்பிய அதே பெரிய மனுஷன்தான்.

அம்மா போனபிறகு நீ கேட்டபோதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கேன் என்றேன். இல்லை. நம் மைக் செட் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்பீக்கர் பெட்டிமேல் தலையை வைத்துக் கிடந்தேன். ஊருக்கெல்லாம் சத்தம் வாடகைக்குக் கொடுத்தவன் வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. அப்போதுதான் தெருமுனைச் சர்ச் பாஸ்டர், ஆம்ப்ளிஃபயர் இரையுது, வந்து பாருங்க என்று கூப்பிட்டார். வேறு ஆளைப் பாருங்க என்றேன், விடவில்லை. போய் வயரை மாற்றி, காலி ஹாலில் நின்று, வழக்கம்போல மைக்கைத் தட்டி, ஹலோ, கேக்குதா என்றேன். தொழிலில் ஓயாமல் சொன்ன வார்த்தைதான். அன்றைக்கு யாரைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவ போயிட்டா, என்னால முடியல, யாராச்சும் இருந்தா கேக்குதா என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டேன். நிபுணர் ஐயா வெளி ஸ்பீக்கரை அணைக்கவில்லை. தெரு முழுக்க என் ஒப்பாரி. வாசலுக்கு அப்பாலிருந்து, கேக்குதுண்ணே, நல்லாவே கேக்குது என்று பதில் வந்தது. யார் தெரியுமா, வாய் ஓயாதவன் என்பதால் நாம் கேலியாகச் சைலன்சர் என்று பட்டம் வைத்த பஞ்சர் கடைக்காரன்.

வெட்கத்தில் ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். பாஸ்டர் வந்தார், ஜெபம் பண்ணலாமா என்றுகூடக் கேட்காமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஆம்ப்ளிஃபயர் ஒழுங்காக ஓடுகிறதா பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லி ஞாயிறு தவறாமல் போனேன். நன்றாக ஓடும் சாமானை அத்தனை தடவை பார்த்த மெக்கானிக் வேறு எவனும் இருக்கமாட்டான். ஒரு நாள், செத்துப்போன நண்பனின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார், பிறகு அவனை உயிரோடு எழுப்பினார் என்று பிரசங்கம். முடிந்ததும் நான் சண்டைக்குப் போனேன், எழுப்பத் தெரிஞ்சவரு எதுக்கு அழணும் என்று. பாஸ்டர், எனக்கும் முழுசாத் தெரியலண்ணே, ஆனா அழுதாரு என்றார். அவர் வாதம் செய்திருந்தால் மடக்கியிருப்பேன், அழுகிற சாமியை என்னம்மா செய்வது. அம்மாவுக்காக என்னோடு சேர்ந்து அழ ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்கு நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். மற்றபடி பெரிய பக்தன் ஆகிவிட்டேன் என்று பயப்படாதே. ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் குறட்டை வருகிறது, பாட்டில் நான் சேர்ந்தால் பக்கத்து வரிசை திரும்பிப் பார்க்கிறது.

மூளை குழம்பிவிட்டது என்கிறாள் சித்தி. அவள் சொல்லட்டும். நீயும் அப்படி நினைத்து, அப்பா நம் ஆள் இல்லை இனிமேல் என்று ஒதுங்கிவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். உன்னை நம்பச் சொல்லவில்லை கண்ணு. உன் அவநம்பிக்கை என் கைவேலை, லேசில் கழலாது என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே. கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும், இதை எழுதும்போது இன்னும் கை கூசுகிறது, பழகிவிடும். ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்புமுன் உன் போனுக்காகக் காத்திருப்பேன், மறந்துவிடாதே. உன் லைனில் எப்போதும் இரைச்சல், எடுத்ததும் நான் கேக்குதா என்றுதான் கேட்பேன். வாழ்த்தெல்லாம் வேண்டாம். கேக்குதுப்பா என்று நீ சொன்னால் போதும்.

என்றும் உன்
அப்பா