திருப்தி என்று ஒரு வார்த்தை

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

பேண்டேஜ் மடித்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வீரணன் வந்து என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். பிளீச்சிங் கழிவுநீரைத் தெரு ஓடையில் விடுகிறோம் என்று நம் பட்டறை மேல் அரசாங்கத்துக்குப் புகார் போயிருக்கிறதாம். கொடுத்தது நானாம். சத்தியமாக இல்லை என்றேன். போனைத் திருப்பி அந்தப் புகாரைக் காட்டினார். பாண்டிசெல்வி. என் பேர், என் நம்பர்.

வீட்டுக்கு வந்து கேட்டதும் மகள் தர்ஷினி ஒத்துக்கொண்டாள். குடிமையியல் வகுப்பில் பியூலா டீச்சர் சொன்னார்களாம், அவரவர் தெருவில் ஒரு குறையைப் பார்த்து இணையத்தில் புகார் கொடுத்துப் பழகுங்கள் என்று. ஓடிபி வர ஒரு போன் வேண்டும். வீட்டில் இருப்பது என் போன்தான். நம்பரோடு பேரையும் என்னுடையதாகவே போட்டுவிட்டாள். எம்புட்டுக் குறை கெடக்கு இந்த ராஜபாளையத்துல, அம்மா வேலை பார்க்கிற எடந்தானா கெடச்சது ஒனக்கு? ஓங்கிய கையை எப்படி அடக்கினேனோ.

7 ஆகஸ்ட், வியாழன்

தர்ஷினி கணுக்காலில் புண். அந்த ஓடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறாள். எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். அவர் செத்த பொறவு இந்த வேலைதானே சோறு போடுது.

11 ஆகஸ்ட், திங்கள்

'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று மெசேஜ் வந்திருக்கிறது. என்ன நடவடிக்கை? நேற்றும் ஓடை மஞ்சளாகத்தான் ஓடியது.

இனி சென்னையில் புகார் வாங்கும் ஆபீசிலிருந்து போன் வருமாம், திருப்தியா என்று கேட்பார்களாம். ஆமாம் என்றால் புகாரை மூடிவிடுவார்கள், வேலையில் உன்னை யாரும் அசைக்க முடியாது என்றார் வீரணன். இல்லையென்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தர்ஷினியிடம் இதைச் சொல்லவில்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

போன் வரவில்லை. வேலை நேரம் முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன்.

13 ஆகஸ்ட், புதன்

வந்தது. வீரணன் ஓடி வந்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். பக்கத்தில் அழகுத்தாய் அக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டது. சின்ன வயசுப் பொண்ணு குரல். கழிவுநீர்ப் பிரச்சினை சரியாகிவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது, உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டது. நிசமாகவே ஆமாம் என்றுதான் சொல்லப் போனேன். மடித்து வைத்த பேண்டேஜைப் பிரித்துத் திரும்ப மடித்தேன். "திருப்தின்னு சொல்லித் தொலை" என்று வீரணன் முணுமுணுத்தது அந்தப் பிள்ளைக்கும் கேட்டுவிட்டது.

"அம்மா, பக்கத்துல யாராவது இருக்காங்களா? நீங்க தனியா இருக்கும்போது கூப்பிடட்டுமா?"

எந்த ஆபீசிலும் என்னை இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும்.

"வேண்டாம்மா, இப்பவே சொல்லுதேன். திருப்தின்னு சொல்லச் சொல்லுதாரு சூப்பர்வைசரு. தண்ணி இன்னும் மஞ்சளாத்தான் ஓடுது. எழுதிக்கோ."

சாயங்காலம், நாளை முதல் வர வேண்டாம் என்றார்கள்.

14 ஆகஸ்ட், வியாழன்

இனி எந்தப் பட்டறையில் சேர்ப்பார்கள்? எல்லா முதலாளிக்கும் என் பேர் தெரிந்திருக்கும். கிறுக்கி, ஒரு வார்த்தைதானே — சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?

20 ஆகஸ்ட், புதன்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் ஜீப் வந்தது. ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்கள். தெருவே கூடி நின்றது, வீரணனும்தான். புகார் கொடுத்தது யார் என்று அதிகாரி கேட்டார். தர்ஷினி முன்னால் போகப் பார்த்தாள். கையைப் பிடித்து என் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"நான்தான் சார்."

பேர் கேட்டார். இனிஷியலோடு சொன்னேன்.