குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்

என்னங்க,

நைட் ஷிப்ட் முடிந்து அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. குழாய்த் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்காதீர்கள். பெரிய பாத்திரத்தில் காய்ச்சி ஆறவைத்தது இருக்கிறது. சாப்பாடு அடுப்பு மேல்.

"எவனுக்குக் காமாலை வந்தாலும் என் குழாய்தானா?" என்று நேற்று கத்திவிட்டுப் போனீர்கள். இன்று காலை சுகாதார நிலையக் கணக்கெடுப்புக்காகப் பேக்கரித் தெருவில் மறுபடி வீடு வீடாகப் போனேன். காமாலை வந்த வீடுகள் எல்லாம் போன மாதம் நீங்கள் இணைத்த குழாயில்தான் தண்ணீர் பிடிக்கின்றன. எதிர்வரிசைக்கு ஆழ்குழாய்க் கிணறு. அங்கே ஒருவருக்கும் ஒன்றுமில்லை. தண்ணீர்ச் சோதனை முடிவும் வந்துவிட்டது. சாக்கடை கலக்கிறது.

"உங்க வீட்டுக்காரர் சரி பண்ணப்புறம்தான் தண்ணி நல்லா வருது" என்றாள் ஒரு நிறைமாதக்காரி, படுத்தபடியே. கண்ணெல்லாம் மஞ்சள்.

உங்கள் குடிநீர் வாரிய ஆபீசில் தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். யார் இணைத்தது என்று கேட்டால் மறைக்க மாட்டேன். கொட்டும் மழையில், முழங்கால் சேற்றில், துணைக்கு ஆள் தராமல் அவர்கள் உங்களைத் தனியாக வேலைக்கு நிறுத்தியதையும் சேர்த்தே சொல்வேன்.

வீட்டுச் சாவியை மாடிவீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

இன்னொன்று: தெரு முழுக்கத் தோண்டப் பார்க்கிறார்கள். இணைப்பு இருக்கும் சரியான இடம் உங்களுக்குத்தான் தெரியும். நான் அங்கேதான் நிற்பேன். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.