ஓதிய தண்ணீரில் இரண்டு கரண்டி

அன்பு வாப்பாவுக்கு, உங்கள் கப்றுக் குழியை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும்.

நான் இப்போது ஆஸ்பத்திரியில் பேச்சுச் சிகிச்சையாளர். பெயர்தான் பேச்சு, பாதி நாள் விழுங்குவதைப் பார்ப்பதிலேயே போகிறது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவருக்கு வாயில் வைத்தது வயிற்றுக்குப் போகிறதா, மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறதா என்று கண்டறிய வேண்டும். சிலருக்கு இருமல்கூட வராது. சோற்றைவிட வேகமாக வழிந்தோடும் தண்ணீர்தான் ஆபத்து என்றால் நம்புவீர்களா?

யுத்தம் முடிந்து, நாம் விட்டுவந்த மன்னார் வீட்டைப் பார்க்கப் போவதற்கு நீங்கள் பை கட்டி வைத்திருந்த கிழமைதான் உங்கள் வாய் கோணியது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குர்ஆன் ஓதிய தண்ணீர்ப் போத்தலோடு வந்தார்கள். நிமிர்த்தாமல் படுத்தபடியே வைத்து உங்களுக்குப் பருக்கியது நான். மூன்றாவது கரண்டியோடு, "போதும் மகள்" என்றீர்கள். குரல் கொழகொழத்தது. தண்ணீர் வழிதவறினால் குரல் அப்படியாகும் என்று அப்போது எனக்குத் தெரியாது; சளி என்று நினைத்து, அது இறங்கட்டும் என்று இன்னும் இரண்டு கரண்டி தந்தேன்.

அடுத்த நாள் காய்ச்சல். பிறகு நிமோனியா. உங்களை அடக்கம் செய்துவிட்டோம். அந்த இரண்டு கரண்டிதான் காரணமா? டொக்டர்மார் யாரும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நேற்று எத்தாளையிலிருந்து ஒரு மீனவர் வந்தார். அவருக்கும் பாரிசவாதம். நான் போனபோது மனைவி போத்தலைத் திறந்துகொண்டிருந்தார். பறித்து வீசத்தான் கை போனது. ஆனால் அந்த அவசரம் எனக்குத் தெரிந்த அவசரம். அவரை நிமிர்த்தி இருத்தி, நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொன்னேன். அதே தண்ணீரில் தடிப்பாக்கும் மாவைக் கலந்து கஞ்சிப் பதத்துக்குக் கொண்டுவந்தேன்.

"மாவு போட்டா ஓதினதுட பரக்கத் போயிடாதா மிஸ்?" என்றார் மனைவி.

"போகாது ராத்தா. நீங்க திரும்ப ஒருக்கா ஓதுங்க."

ஓதி, மேலால் ஊதினார். அரைக் கரண்டி கொடுத்து, குரல்வளை ஏறி இறங்குவதை விரல் வைத்துப் பார்த்தேன். "ஆ" சொல்லச் சொன்னேன். குரல் சுத்தமாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கொஞ்சம் கொழகொழத்தது. இன்னும் ஒன்று கொடுக்கச் சொல்லி மனைவி கெஞ்சினார். நான் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டேன். இன்று காலை அவருக்குக் காய்ச்சல் இல்லை, வாப்பா.

இனி ஒவ்வொரு கரண்டிக்கும் பிறகு குரலைக் கேட்பேன். போதும் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்துவேன்.

இரண்டு கரண்டி கூடுதலாகத் தந்த,
உங்கள் இளைய மகள்