அறுபதில் கடைசிப் பன்னிரண்டு

ஜனவரி 14
இன்று ஒரே டிரம்மில் இரண்டாயிரம் தோட்டா சுட்டேன். மூன்று தடவை தோட்டா சிக்கி நின்றது. என் கணவர் ஹாலின் தம்பி மெர்ல் துள்ளிக் குதிக்கிறான். அவன் வடிவமைத்த டிரம். தோட்டா நிரப்பி ரைபிளுக்கு அடியில் மாட்டும் உருண்டை டப்பா; அறுபது பிடிக்கும்.
"ரெண்டாயிரத்துல மூணுதான் அண்ணி! யாரு கேப்பா?"
நான் கேட்பேன். சோதித்துப் பார்ப்பதுதானே இந்தப் பட்டறையில் என் வேலை? மூன்றும் ஒரே இடத்தில் நின்றன – உள்ளே பன்னிரண்டு மிச்சம் இருக்கும்போது. பிப்ரவரி ஆறாம் தேதி ஷெரிஃப் அலுவலகப் போலீஸ்காரர்கள், வாங்கலாமா என்று பார்க்க வருகிறார்கள். அதற்குள் காரணத்தைப் பிடித்துவிடுவேன்.

ஜனவரி 16
ஸ்பிரிங்தான். சந்தேகமே இல்லை.

ஜனவரி 19
ஸ்பிரிங் இல்லை. புதிதாக மூன்று போட்டுப் பார்த்தாயிற்று. அதே பன்னிரண்டு. "உங்க ஜோசியம் பொய்யாப் போச்சே!" என்று மெர்லுக்கு ஒரே சிரிப்பு. போகட்டும், ஒன்று கழிந்தது.

ஜனவரி 23
டகோட்டா குளிர் தன் வேலையைக் காட்டியது. ராத்திரி முழுக்க வண்டியில் கிடந்த டிரம்மைக் காலையில் எடுத்துச் சுட்டால் நாலாவது தோட்டாவிலேயே நின்றது. கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது. துடைத்ததும் ஓடியது – பன்னிரண்டு வரைக்கும்.

ஜனவரி 28
பிடித்துவிட்டேன்! டிரம்மைத் திறந்து உள்சுவரை நகத்தால் தடவினேன். தோட்டாக்கள் சுருளை விட்டு மேலே ஏறும் வளைவில் நகம் தட்டியது. வார்ப்பில் விழுந்த மேடு, முடி கனம்தான். பன்னிரண்டு மிச்சம் இருக்கும்போது, தோட்டாக்களைத் தள்ளும் கட்டை அங்கேதான் வந்து இடிக்கிறது. அரத்தால் நாலு இழுப்பு.

ஜனவரி 30
இரண்டு நாளில் நாலாயிரம் சுட்டேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. மெர்ல் என்னைத் தூக்கிச் சுற்றினான்.
ஆனால் பெட்டி கட்டி வைத்த நானூறு டிரம்மிலும் அந்த மேடு இருக்கிறதே?

ஜனவரி 31
"வர்றவங்களுக்குக் காட்டப் பத்த மட்டும் ராவுவோம் அண்ணி. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."
"அப்புறம்னா? அவங்க ஆளு ஒருத்தன் உயிரக் கையில பிடிச்சிட்டு நிக்கிறப்பவா?"
"ஒண்ணரை வருஷ உழைப்பு. உங்களுக்குத் தெரியாதா?"
தெரியும்டா. எனக்குத் தெரியாமலா?

பிப்ரவரி 6
சார்ஜென்ட் ஆஸ்ட்பி என்ற பெண்மணி நாலு பேருடன் வந்தார். மெர்ல் ராவி வைத்த பத்தும் அழகாக ஓடின. அவன் முகம் மலர்ந்த நேரத்தில் நான் ஒரு பெட்டியைப் பிரித்து, உள்ளேயிருந்த டிரம்மை நீட்டினேன்.
"இதையும் சுடுங்க. கட்டி வச்சிருக்கிறது இதுதான்."
ஏழாவது தடவை நிரப்பியபோது நின்றது. மிச்சத்தை எண்ணச் சொன்னேன். பன்னிரண்டு.
"காரணம் தெரியுமா?"
"தெரியும். சரிபண்ணவும் தெரியும். இன்னும் பண்ணல."
"பண்ணிட்டுக் கூப்பிடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மெர்ல் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.
தப்புச் செய்தேனா? இல்லை.

பிப்ரவரி 8
நூற்று ஆறு டிரம் ராவி முடிந்தது. தனியாகத்தான்.

பிப்ரவரி 11
மெர்ல் வந்தான். இன்னொரு அரத்தை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். சாயங்காலம்தான் வாய் திறந்தான்: "உங்களுது மட்டும் எப்படி இவ்வளவு வேகமாப் போகுது? நல்ல அரத்த நீங்க எடுத்துக்கிட்டீங்க."

ஏப்ரல் 3
ஆஸ்ட்பியின் ஆட்கள் இரண்டு நாள் சுட்டார்கள். பெட்டிகளை அவர்களே பொறுக்கினார்கள். ஐயாயிரத்தில் ஒரே ஒரு தடவை நின்றது; அதுவும் வெடிக்காத தோட்டாவால்.
"இத நம்பலாமா?" என்று மெர்லிடம் கேட்டார் ஆஸ்ட்பி.
"என்னைக் கேக்காதீங்க," என்றான். "எங்க அண்ணியக் கேளுங்க."