டங்கன் வெளியாள் இல்லை, மாமா

நியூஜெர்சியில் பிறந்தும் கடைசிவரை ஸ்காட்லாந்துக்காரராகவே இருந்த என் பிரிய மாமாவுக்கு,

உங்களிடம் இங்கிலீஷில்தான் பேசியிருக்கிறேன். ‘மாமா’ மட்டும்தான் தமிழ். இன்று முழுக்கத் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் நீல் படித்துவிடுவான். உங்கள் மகன் இன்னும் இதைப் படிக்கிற நிலைமைக்கு வரவில்லை.

சனிக்கிழமை டெக்சஸிலிருந்து அலன் கூப்பிட்டார். ஆமாம், அவரேதான்.

உங்களுக்குத் தெரியாத கதையா? அறுநூறு வருஷத்துக்கு முன்னால் உங்கள் குலத் தலைவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் டங்கன் வழியில் நீங்கள், இளையவர் வழியில் அலன். டங்கனின் அம்மா வரும்போதே கர்ப்பமாக வந்தாள், அவன் தலைவரின் ரத்தமே இல்லை என்று சொல்லித்தான் இளையவரின் ஆட்கள் நிலத்தையும் பட்டத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அதையே குலத்துக்காரர்கள் கூடிய விருந்தில் அலன் எல்லார் முன்னாலும் சொன்னார். அதோடு அவருடன் பேச்சை நிறுத்தினீர்கள்.

எங்கள் கல்யாணப் பேச்சுக்கு ஈரோட்டிலிருந்து வந்த அப்பா உங்களிடம் முதலில் கேட்டது, “உங்க கூட்டம் என்ன?” கூட்டம் என்றால் குலம் என்று நான் கூசிக்கொண்டே மொழிபெயர்த்தேன். நீங்கள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டு டங்கனிலிருந்து ஆரம்பித்தீர்கள். அப்பா காபியை ஆறவிட்டுக் கேட்டார். அதற்குப் பிறகு அவர் ஜாதகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

போன குளிர்காலத்தில் யாரோ உறவினர் நடுவில் நின்று சமாதானம் பேச, நீங்களும் அலனும் டி.என்.ஏ. டெஸ்டுக்கு எச்சில் கொடுத்தீர்கள். ரிசல்ட் வருவதற்குள் நிமோனியா உங்களைக் கொண்டுபோய்விட்டது.

உங்கள் பேத்தி நிலாவின் நீச்சல் கிளாஸ் முடியக் காரில் காத்திருந்தபோதுதான் அலன் பேசினார்.

“அவர் சொன்னதுதான் சரி. எங்க ரெண்டு பேருக்கும் அப்பா வழி ஒண்ணுதான்.”

டங்கனின் அம்மாவுக்கு முறைப்படி கல்யாணம் நடந்ததா என்று டெஸ்ட் சொல்லாதாம். ஆனால் டங்கன் வெளியாள் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன் என்றார்.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், மாமா. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. “ஓகே, தேங்க்யூ” என்றேன், பார்சல் கொண்டுவந்தவரிடம் சொல்வதுபோல.

அவர் போனை வைக்கவில்லை. சாவுக்கு வந்திருக்கணும், எந்த முகத்தோடு வருவது என்று இருந்துவிட்டேன் என்றார். பிறகு கேட்டார்: “இதை நான் இனி யார்கிட்ட சொல்றது?”

எங்கள் ஊரில் இவரைப் பங்காளி என்போம். வரப்புச் சண்டை போடுவதும் பங்காளிதான், சாவென்றால் முதலில் வந்து நிற்க வேண்டியதும் பங்காளிதான். இதை அலனுக்கு இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? “நீங்க இங்க வாங்க” என்று மட்டும் சொன்னேன்.

நீல் கராஜில் புல்வெட்டும் மெஷினுக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தான். சொன்னேன். நிமிராமலே, “அப்பாவுக்குத் தெரியாமப் போச்சே” என்றான். ஆயில் தரையில் வழிந்தது. நான் பேப்பர் டவல் எடுத்து வந்து துடைத்தேன். இரண்டு பேரும் அழவில்லை. அழ வேண்டிய இடம்தானே அது?

அலன் ஜூலையில் வருகிறார். நெவார்க் ஏர்போர்ட்டுக்கு நானே போய் அவரைக் கூட்டிக்கொண்டு, நீலோடு நேராக உங்கள் கல்லறைக்கு வருவேன். என்னிடம் சொன்னதை அவர் வாயால் உங்களிடமே சொல்லட்டும். அவர் சொல்லி முடிக்கிற வரை நீலின் கையை விடமாட்டேன், மாமா.

உங்கள் வீட்டு மருமகள்,
பூங்கொடி