டாங்கியின் வலது பக்கம்

மார்ச் 3

முதலில் இந்த டைரியிடம் ஒரு மன்னிப்பு. எழுதி வைக்கிற அளவுக்கு இது பெரிய சங்கதி இல்லை. ஆனால் வாயால் சொல்ல வராதவளுக்கு வேறு வழி?

ஒட்டிச் செய்கிற மாடல் பெட்டி வந்துவிட்டது. போரில் முதன்முதலாக இறங்கிய டாங்கிகளில் ஒன்று. செய்து முடித்தால் என் கையளவு இருக்கும். சாம்பல் நிற ரெசினில், அதாவது அச்சில் வார்த்த ஒருவகைப் பிளாஸ்டிக்கில், நாற்பத்தொரு துண்டுகள். மேலே சுழலும் கோபுரம் கிடையாது. பக்கத்துக்கு ஒரு பீரங்கி, பின்னால் இரண்டு சக்கரம். அம்மா மூடிப் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"என்னடி இது, நசுங்கின இஸ்திரிப் பெட்டி மாதிரி?"

உள்ளே எட்டுப் பேர் இருப்பார்கள் என்றேன்.

"எட்டுப் பேரா? ஜன்னலே காணோமே. பாவம், வெந்தே போயிருப்பாங்க."

மார்ச் 5

ஆபீஸ் விட்டு வந்தால், அம்மா சமையலறைத் தொட்டியில் என் துண்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். பாத்திரச் சோப்பு, பழைய பல் பிரஷ். இடது பக்கம் முடிந்திருந்தது. வலது பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

"தொட்டா வழுக்குதுடி. எண்ணெய்ப் பிசுக்கு. அதான்..."

"உனக்கு இதப்பத்தி என்ன தெரியும்? கேன்டீன் பாத்திரம்னு நெனச்சியா?"

நான்தான் சொன்னேன். அந்தக் கேன்டீனில் பதினாறு வருஷமாகப் பாத்திரம் கழுவி என்னைப் படிக்க வைத்தவளிடம்.

மார்ச் 6

அறை வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டாள். இரண்டே அறை உள்ள வீடு. இதுவரை கேட்டதே இல்லை.

மார்ச் 9

ஒட்டி முடித்தேன். அம்மா என் மேஜையைச் சுற்றிக்கொண்டு பெருக்குகிறாள். இன்றும் கேட்டுவிட்டுத்தான் வந்தாள்.

மார்ச் 14

பழுப்பு வர்ணம் காய்ந்திருந்தது. கோடு நேராக வர ஒட்டியிருந்த டேப்பை உரித்தேன். வலது பக்கத்து வர்ணம் தோல் மாதிரி கூடவே வந்துவிட்டது. இடது பக்கத்தை நகத்தால் சுரண்டினேன். அசையவில்லை.

குறிப்புத் தாளை எடுத்தேன். இதுவரை படங்களை மட்டும்தான் பார்த்திருந்தேன். முதல் வரி: "அச்சில் தடவிய எண்ணெய் ஒட்டியிருக்கும்; சோப்பு நீரில் கழுவிய பிறகே வேலையைத் தொடங்கவும்."

இந்த வீட்டின் முதல் பட்டதாரி. முதல் வரியைப் படிக்கவில்லை.

மார்ச் 15

சொல்லிவிடலாம் என்று சமையலறைக்குப் போனேன். "அம்மா..." என்றேன். "என்ன?" என்றாள். கரண்டியை எடுத்து ருசி பார்த்து, "உப்பு சரியா இருக்கு" என்றேன்.

"இன்னும் போடவே இல்லையே."

மார்ச் 17

வலது பக்கத்தைப் பிரித்தேன். பிசுக்கில் பசையும் பிடிக்கவில்லை. லேசாகக் கழன்று வந்தது. பேசினில் வெந்நீர், பாத்திரச் சோப்பு, அதே பிரஷ். எல்லாவற்றையும் மேஜையில் வைத்துக் காத்திருந்தேன். துடைப்பத்தோடு வந்தாள்.

"உள்ள வரலாமா?"

தாளின் முதல் வரியை வாசித்துக் காட்டினேன். இரண்டு பக்கத்தையும் வாங்கி, பாத்திரத்தைச் சோதிக்கிற மாதிரி கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அப்போ எட்டுப் பேர்ல நாலு பேருதான் குளிச்சிருக்காங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அன்னிக்கு நான் பேசினது தப்புமா."

"தண்ணி ஆறுது பாரு. சோப்ப எடு."

அவள் தேய்த்தாள், நான் துடைத்தேன். கடைசித் துண்டை நீட்டியபோதுதான் கேட்க முடிந்தது.

"அம்மா, இனிமே கேக்காம உள்ள வாம்மா."